நூற்று நாற்பத்து நான்காவது பெயர்

"பெரட்டுல பேரு கூப்பிடாத பொம்பள ஒருத்தி, கூடைய மாட்டிக்கிட்டு மத்தவங்களோட மலைக்குள்ள போயிட்டா, அவ நம்ம ஆளு இல்லேனு யாரும்மா கண்டுபிடிப்பா?"

இதைக் கேட்டபோது ஜீவராணிக்கு ஏழு வயது. ஊசிமலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், காலைப் பனியில், அம்மா வீரம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்லசாமிக் கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் கொடுத்த பெண்கள் அன்றன்றைக்குச் சொன்ன மலைக்குக் கூடையோடு பிரிந்து போனார்கள். சின்னப் பிள்ளையின் கேள்வி பனியைத் தாண்டி எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

"அப்படி ஒருத்தி சும்மா வந்து நமக்குக் கொழுந்து எடுத்துக் குடுத்தா, நானே சந்தனம் பூசி மாலை போட்டு அனுப்புறேன் பாப்பா" என்றார் கங்காணி. பெண்கள் சிரித்தார்கள்.

"எடுக்க வரலைங்க. திருட வந்திருந்தா?"

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. வீரம்மாதான் பதில் சொன்னாள். "பேர யாரு வேணா சொல்லிக்கலாம். கூட நின்னு வேல செஞ்சவ மூஞ்சி நமக்குத் தெரியாதாடி? பக்கத்து நெரையில நிக்கிறவளுக்குத் தெரிஞ்சிரும். நீ பள்ளிக்கூடத்துக்கு நட."

அந்தப் பதிலை ஜீவராணி மறக்கவில்லை. இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு அதுதான் அவளுக்குச் சோறு போட்டது என்று சொன்னாலும் தவறில்லை.

நுவரெலியா நகரில், மரக்கறிச் சந்தையைத் தாண்டிப் போகும் பாதையில், கம்பனியின் இரண்டு மாடி அலுவலகம் இருக்கிறது. மேல் மாடிக் கதவொன்றில் ‘வலையமைப்புப் பாதுகாப்பு அலுவலர்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். அதற்குக் கீழே அவளுடைய பெயர். அந்தப் பலகை மாட்டப்பட்ட வாரம் வீரம்மா ராகலையிலிருந்து பஸ் ஏறி வந்து, அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எந்த வரி மகளுடைய பெயர் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

கம்பனிக்கு ஆறு தோட்டங்கள், ஆறு தேயிலை ஸ்டோர்கள். மலையில் பறித்த கொழுந்தைப் பெண்கள் ஒரு நாளில் மூன்று தடவை, மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் நிறுப்பார்கள். அந்தத் தராசுகள் நிறையை அப்படியே கணினிக்கு அனுப்பிவிடும். ஸ்டோரில் அரைத்து, சலித்து, பெட்டி கட்டி, கொழும்புக்கு அனுப்புகிற தேயிலையின் விவரமும் அதே வலையமைப்பில்தான் போகிறது. இந்தப் பாதைகளில் வேண்டாதவன் நுழையாமல் பார்ப்பது ஜீவராணியின் வேலை. துணைக்கு டெல்சி. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றின் கத்தோலிக்கப் பெண். வாய் ஓயாது, கையும் ஓயாது.

காலை ஏழரைக்கு ஜீவராணி திருநீறு பூசிக்கொண்டு நாற்காலியில் உட்காருவாள். பிறகு பெரட்டு. வலையமைப்பில் இருக்கும் கணினிகள், தராசுகள், வாசல் கமராக்கள், பிரிண்டர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. மென்பொருள் அரை நிமிடத்தில் செய்துவிடும் வேலைதான். ஆனாலும் திரையில் வரும் பட்டியலை அவள் வாய்விட்டு வாசிக்க வேண்டும், டெல்சி எதிரே இருந்து சரிபார்க்க வேண்டும்.

"செபமாலையில கூட அம்பத்து மூணு அருள்நிறைந்த மரியேதான்டி. உன்னோடது நூத்தி நாப்பத்தி மூணு" என்பாள் டெல்சி. "எனக்கு நேரா மோட்சந்தான்."

"மோட்சம் இருக்கட்டும். வெள்ளிமலை மடுவத் தராசு இருக்கா?"

"இருக்கு தாயே, இருக்கு."

ஜீவராணிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு ஸ்டோருக்கும் நேரில் போவாள். எந்தப் பெட்டி எந்த மூலையில் இருக்கிறது, எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்தக் கிளாக்கருக்குக் கண் மங்கல், யாருக்குச் சர்க்கரை என்று அவளுக்குத் தெரியும். கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இதைப் பெட்ரோல் வீண் என்று ஒருவர் சொன்னார். அடுத்த மாதம் அவள் பஸ்ஸில் போனாள்.

நான்கு வருடங்களுக்கு முன், வேலையில் சேர்ந்த புதிதில் ஆயுத பூசை வந்தது. ஸ்டோர்களில் அன்றைக்கு அரைக்கும் இயந்திரத்துக்கும் சலிக்கும் இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்து மாலை போடுவார்கள். ஜீவராணி ஆறு ஸ்டோருக்கும் போய், சுவரில் கண் சிமிட்டிக்கொண்டிருந்த வலையமைப்புப் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னாள். பிறகு அந்தப் பெட்டியிலிருந்து கிளாக்கரின் கணினிக்குப் போகும் வயரில் சிவப்பு நாடாவைச் சுற்றிவிட்டு, கற்பூரம் எரியும்போதே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தெரியாம எதையாவது தொறந்துட்டீங்கன்னு வைங்க. பயப்படாம இந்தச் செவப்பு வயரப் புடுங்குங்க. அடுத்த நிமிசம் எனக்குப் போன் பண்ணுங்க. யாரு தொறந்தாங்கன்னு என் வாயில இருந்து வெளிய வராது. சாமி முன்னால சொல்றேன்."

அவளுக்கு மற்ற எல்லாரையும் விட நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டு. தவறு செய்தவர் பயந்துபோய் ஒளித்து வைக்கும் ஒரு மணி நேரந்தான் திருடனுக்குக் கிடைக்கும் பெரிய வரம்.

அந்த ஜனவரி மாதம் இருபத்தெட்டாம் திகதி, காலை நிறுவை முடிந்து சற்று நேரத்தில், பத்து இருபதுக்கு அவளுடைய தொலைபேசி அடித்தது.

"ராணி, நான் பொன்னையா. ஊசிமலை ஸ்டோர்ல இருந்து."

"சொல்லுங்க ஐயா."

"செவப்பு வயரப் புடுங்கிட்டேன்."

அவள் எழுந்து நின்றாள். டெல்சியின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன.

"எப்பங்க?"

"இப்பத்தான். தொறந்து ரெண்டு மூணு நிமிசந்தான் இருக்கும். ஈமெயில்ல ஒண்ணு வந்துச்சு புள்ள. ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி குடுக்கப் போற ஆளுங்களோட பேர்ப்பட்டியல்னு. நம்ம தோட்டத்துப் பேரும் போட்டிருந்துச்சு. தொறந்தேன். பட்டியல் வரல. என் பைலெல்லாம் ஒண்ணொண்ணா வெள்ளையா மாறுது."

"வயரப் புடுங்கினீங்கல்ல, நல்ல வேல செஞ்சீங்க. கம்பியூட்டர ஓப் பண்ணாதீங்க. தொடாதீங்க. அந்தப் பக்கம் போயி ஒரு பிளேண்டித் தேத்தண்ணி குடிங்க. நான் பாத்துக்கிறேன்."

வேறு ஊரில் உள்ள ஒருவருக்கு அது குப்பையில் போடவேண்டிய மின்னஞ்சல். லயம் என்ற வரிசை வீட்டுக் காம்பராவில் நான்கு தலைமுறையாக இருந்தும், சுவரில் ஓர் ஆணி அடிக்கத் தோட்டத்தைக் கேட்கவேண்டியவர்களுக்கு அப்படி அல்ல. ஏழு பேர்ச்சஸ் மண்ணும் அதற்கு ஓர் உறுதிப் பத்திரமும் என்றால் எந்தக் கை சும்மா இருக்கும்? அனுப்பியவன் அதைத் தெரிந்துகொண்டுதான் அனுப்பியிருக்கிறான். ஜீவராணிக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் முழுவதும் அவன்மேல்தான். கிளாக்கர் பொன்னையாமேல் ஒரு துளிகூட இல்லை.

"மூணு நிமிசம்" என்றாள் டெல்சி. "மூணு நிமிசத்துல அது எங்க வரைக்கும் போயிருக்கும்?"

"அதத்தான் பாக்கணும். பெரட்டு எடு."

ஆபத்து என்ன என்பது இருவருக்கும் தெரியும். மாதக் கடைசி. ஆயிரத்து இருநூறு பெண்கள் அந்த மாதம் முழுவதும் பறித்த கொழுந்தின் நிறை அந்த வலையமைப்பில்தான் இருந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள். நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். நிறையே காணாமல் போனால் யார் எத்தனை கிலோ எடுத்தாள் என்று சொல்லச் சாட்சி கிடையாது. அட்டை கடித்த காலோடு சரிவில் நின்று பறித்தவள், மடுவத்தில் கை கட்டி நின்று, "நான் எடுத்தேங்க, எடுத்தேங்க" என்று சொல்லவேண்டி வரும். வீரம்மா அப்படி நின்ற ஒரு மாலையை ஜீவராணி பார்த்திருக்கிறாள். நகல் எடுத்து வைத்திருந்தாள்தான். ஆனால் இந்த மாதிரித் திருடன் முதலில் தேடிப் போவது நகலைத்தான்.

டெல்சி பட்டியலை ஓடவிட்டாள். ஜீவராணி, பெரட்டுப் பட்டியலில் சேராத நகல் பெட்டியின் இணைப்பைத் தன் கையால் கழற்றினாள். பிறகு வந்து வாசிக்கத் தொடங்கினாள். ஊசிமலையின் கணினி பட்டியலில் இல்லை. வயர் பிடுங்கியாயிற்று, அது சரி. மற்ற ஐந்து தோட்டங்களும் பெயர் சொல்லச் சொல்லப் பதில் சொல்லின.

"எல்லாம் இருக்குடி" என்றாள் டெல்சி மூச்சை விட்டு. "ஊசிமலை ஒண்ணு போனா நூத்தி நாப்பத்திரெண்டு வரணும். நூத்தி..." அவள் நிறுத்தினாள். "நூத்தி நாப்பத்தி மூணு வருது."

"ஊசிமலை இல்லாமலா?"

"இல்லாமத்தான்."

அப்படியென்றால் உள்ளபடி நூற்று நாற்பத்து நான்கு. யாரோ ஒருவர் கூடையோடு நிரையில் நிற்கிறார்.

"திரும்ப வாசி. மெதுவா."

டெல்சி வாசித்தாள். எந்தப் பெயரும் புதிதாகத் தெரியவில்லை. எல்லாம் தோட்டத்துப் பெயர், ஸ்டோர்ப் பெயர், பழகிய பெயர். "வெள்ளிமலைக் கமரா, வெள்ளிமலைத் தராசு, வெள்ளிமலைப் பிரிண்டர் ஒன்று, வெள்ளிமலைப் பிரிண்டர் இரண்டு..."

"நில்லு."

"என்னடி? அங்க ரெண்டு பிரிண்டர் வாங்கினது எனக்கு நினைப்பிருக்கே."

"வாங்கினோம். போன மழைக்குக் கூரை ஒழுகி ரெண்டாவது செத்துப் போச்சு. பட்டியல்ல இருந்து நாந்தான் வெட்டினேன். அதோட வெத்துப் பொட்டியில டீமேக்கர் வீட்டம்மா ரோசாச் செடி வச்சிருக்காங்க. போன மாசம் போனப்ப எனக்கு ஒரு பூ பறிச்சுக் குடுத்தாங்க."

டெல்சி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெள்ளிமலைக் கிளாக்கரின் கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு, பழைய குறிப்பு ஒன்றிலிருந்து எடுத்த பிரிண்டரின் பெயரைப் போர்த்திக்கொண்டு, அது நகல் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. ஜீவராணி வெள்ளிமலைக்குப் போன் போட்டாள். "செவப்பு வயர்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. திரையில் வெள்ளிமலைக் கணினி அணைந்தது. செத்துப்போன பிரிண்டரும் அதோடு அணைந்தது.

பிறகு இரண்டு பேரும் தலை நிமிரவில்லை. ஒவ்வொரு கணினியாகத் தனியே நிறுத்தி, சோதித்து, சுத்தம் என்று கண்ட பிறகே திரும்பச் சேர்த்தார்கள். மடுவங்களில் பகல் நிறுவையைப் பழைய மாதிரிப் புத்தகத்தில் எழுதச் சொன்னாள். சாயங்கால நிறுவைக்கு ஆறு தோட்டத்துத் தராசுகளும் மறுபடி பேசின. ஆயிரத்து இருநூறு பெயர். ஒரு கிலோ குறையவில்லை. டெல்சி மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு, "அடியே, நாம ரெண்டு பேரும் லயத்துப் புள்ளைங்கடி" என்றாள். சொல்லிவிட்டு ஏனோ அழுதாள். ஜீவராணி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவளுக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

ஐந்து மணிக்குக் கொழும்பிலிருந்து பணிப்பாளர் ஜயலத் கூப்பிட்டார். நல்ல மனிதர். மனமாரப் பாராட்டினார். வேறு இரண்டு கம்பனிகளுக்கு இதே மாதிரி மின்னஞ்சல் போய், அங்கே மூன்று வாரமாக வேலை நிற்கிறதாம். பிறகு சிங்களத்தில், குரல் மாறாமல், "திறந்தது யார்?" என்று கேட்டார்.

"சேர், பெயரைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"கம்பனி விதியும் இருக்கிறது, ஜீவராணி. கவனயீனமாக வெளிக்கோப்பைத் திறந்தவரை வேலையிலிருந்து நிறுத்தவேண்டும். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும்."

"அவர் மூன்றாவது நிமிடம் எனக்குப் போன் செய்தார், சேர். அதனால்தான் இன்றைக்கு நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவரை நிறுத்தினால், அடுத்த முறை யாரும் போன் செய்யமாட்டார்கள். மற்றவர்கள் படிக்கும் பாடம் அதுதான்."

"நீ சொல்வது விளங்குகிறது. ஆனால் அறிக்கையில் ‘பொறுப்பானவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது வெறுமையாக வந்தால் நான் பணிப்பாளர் சபைக்குக் கொடுக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயர் வேண்டும்."

அடுத்த நாள் காலை அவள் ஊசிமலைக்குப் போனாள். பொன்னையா அலுவலக வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பத்தொரு வயது. அன்றைக்கு இன்னும் பத்து வயது கூடித் தெரிந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"எம் பேரக் குடுத்துரு புள்ள" என்றார், அவள் கதிரையில் உட்காருவதற்கு முன்பே. "ஸ்டோர் பூராத் தெரியும். மறைச்சு என்ன ஆகப் போகுது."

"ஸ்டோருக்குத் தெரியட்டுங்க. கொழும்புக்குத் தெரிய வேண்டாம்."

"எனக்காகப் பாத்தேன்னு நெனச்சியா? எனக்கு குவாட்டர்ஸ் இருக்கு. லயத்துல நாப்பத்திரெண்டு குடும்பத்துக்கு நாந்தான் காணி விண்ணப்பம் நெரப்பிக் குடுத்தேன். தெனம் சாயங்காலம் யாராவது ஒருத்தர் வந்து, ‘கிளாக்கரய்யா, பேரு வந்துருச்சா’ன்னு கேக்குறாங்க. அந்தப் பட்டியலப் பாத்ததும்..." அவர் கணினியைக் காட்டினார். "மகளுக்கு ரெண்டு வருசப் படிப்பு பாக்கி இருக்கு. அத நெனச்சாத்தான் கவலையா இருக்கு. ஆனாலும் பொய் சொல்லாத. உனக்குக் கெட்ட பேரு வந்துரும்."

"பிளேண்டி குடிச்சீங்களா நேத்து?"

"நாலு குடிச்சேன். பித்தந்தான் வந்துச்சு."

அவள் சிரித்தாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு அவர் ஸ்டோருக்குள் போக, அவள் அந்தக் கணினி முன்னால் தனியே உட்கார்ந்தாள்.

அதே அறை. அதே யன்னல். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஸ்டோருக்குப் புதிதாக ஒரு கணினி வந்திருந்தது. மழைக்கு ஒதுங்கி, அம்மா வரும்வரை இந்த அறை வாசலில் நின்றவள், யாரும் இல்லாத நேரம் உள்ளே வந்தாள். பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வயரைப் பிடித்து இழுத்தாள். விளக்கு அணைந்தது. அன்றைய கொழுந்துக் கணக்கு முழுவதும் அதோடு போயிற்று. தோட்டத்துத் துரை வந்தார். சத்தம் போட்டார். அப்போது இளைஞராக இருந்த பொன்னையா, கதவுக்குப் பின்னால் வயரோடு நின்ற பிள்ளையை ஒரு முறை பார்த்தார். "என் கால் தட்டிருச்சுங்க சேர்" என்றார். அன்று மாலை முழுவதும் நிறுவைப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார். வீரம்மாவிடம் சொல்லவில்லை. ஜீவராணியிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது கையில் ஒரு பிஸ்கட் மட்டும் கொடுத்தார்.

அது அதோடு முடிந்தது என்றே அவள் நினைத்திருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன், ஊழியர்களின் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலை வந்தது. பொன்னையாவின் கோப்பில் மஞ்சள் பூத்த ஒரு தாள் இருந்தது. ‘கவனக்குறைவால் கணினியின் மின் இணைப்பைத் துண்டித்தார். எச்சரிக்கப்பட்டார். இவ்வருடப் பதவி உயர்வு நிறுத்திவைக்கப்படுகிறது.’ அந்தத் தாளை ஸ்கான் செய்யும்போது அவளுக்குக் கை ஓடவில்லை. டெல்சி தலைவலியா என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னாள்.

இப்போது அந்த அறையில் அவள் தேடியது ஒன்றுதான். வெளியிலிருந்து வரும் கோப்பு இந்தக் கணினியில் திறந்திருக்கவே கூடாது. எல்லா ஸ்டோர்க் கணினியிலும் அதற்குத் தடை போட்டிருக்கிறாள். இதில் எப்படித் திறந்தது? பதிவுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போனாள். ஒக்டோபர் ஒன்பதாம் திகதியில் நின்றாள்.

தடையை எடுத்தவர்: ஜீவராணி.

அவளுக்கு நினைவு வந்தது. காணி விண்ணப்பப் படிவங்கள் பிரதேச அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் வருகின்றன, திறக்க முடியவில்லை என்று பொன்னையா கேட்டிருந்தார். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று தடையை எடுத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து மூட வேண்டும் என்று தன் குறிப்பேட்டிலும் எழுதினாள். பிறகு தீபாவளி வந்தது. கார்த்திகை மழை வந்தது. அவள் மூடவில்லை.

படிவத்துக்காகத் திறந்துவிட்டதில் அவளுக்கு வருத்தம் இல்லை. நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களுக்காகத் திறந்த கதவு அது. கேட்டால் இன்னொரு முறையும் திறப்பாள். திறந்தவள் திரும்பி வந்து மூடியிருக்கவேண்டும். அந்த ஒரு வேலையில்தான் தவறினாள். பிறருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு, மிச்ச வேலையை மறக்கவைத்துவிட்டது. கடவுள் இதை இவ்வளவு சின்னச் சேதத்தோடு காட்டிக்கொடுத்தாரே என்று, திரையைப் பார்த்தபடியே அவள் கும்பிட்டாள். பிறகு தடையைத் திரும்பப் போட்டாள். படிவங்கள் நேரே தன்னிடம் வந்து, சோதித்த பிறகு பொன்னையாவுக்குப் போகும்படி ஒரு வழியும் செய்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் டெல்சி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அந்தக் கட்டத்துல என்னடி எழுதப் போற?"

"உண்மைய."

டெல்சி அவளை உற்றுப் பார்த்தாள். "பொன்னையா ஐயா பாவம்டி."

"நீ போ. பஸ் போயிரும்."

டெல்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படி இறங்கினாள். ஜீவராணி அறிக்கையைத் திறந்தாள். நேரம், நடந்த விதம், மூன்றாம் நிமிடத்தில் தகவல் வந்தது, வெள்ளிமலையில் ஒளிந்திருந்தது என எல்லாம் உள்ளபடி இருந்தது. ‘பொறுப்பானவர்’ என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். கீழே: ‘ஒக்டோபர் 9 அன்று இக்கணினியின் தடையை நானே நீக்கினேன். திரும்ப இடத் தவறினேன். தடை இருந்திருந்தால் கோப்பு திறந்திராது.’ பதிவின் நகலையும் இணைத்தாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

திங்கட்கிழமை அவள் ஊசிமலைக்குப் போன் செய்து, "முடிஞ்சு போச்சுங்க ஐயா. காரணம் கண்டுபிடிச்சிட்டோம். மெசின்ல ஒரு தடை கழண்டிருந்திருக்கு" என்றாள்.

"எம் பேரு?"

"உங்க பேரு ஒரே ஒரு எடத்துலதாங்க இருக்கு. காலையில நான் பெரட்டு எடுக்குற பட்டியல்ல."

அவர், "சாயங்காலம் தராசு நல்லா வேல செய்யுது" என்றார். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அந்த வாரமே மற்றொரு ஸ்டோரிலிருந்து, தான் எதையோ அழுத்திவிட்டதாகவும் வயரைப் பிடுங்கிவிட்டதாகவும் ஒருவர் பயமில்லாத குரலில் சொன்னார். பார்த்தால் அது வெறும் விளம்பரம். ஜீவராணிக்கு அன்று முழுவதும் மனம் குளிர்ந்திருந்தது.

கடிதம் மாசி மாதத்தில் வந்தது. அவள் வழக்கம்போல டெல்சிக்கு முன்னால் வந்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, உறையைப் பிரித்தாள். ஜயலத் ஐயாவின் கையொப்பம். அவளுடைய சேவையைச் சபை மதிக்கிறது என்று ஒரு பந்தி. அதற்குக் கீழே இன்னொரு பந்தி: ‘கவனக்குறைவால் பாதுகாப்புத் தடையைத் திரும்ப இடத் தவறினார். எச்சரிக்கப்படுகிறார். இவ்வருடப் பதவி உயர்வு நிறுத்திவைக்கப்படுகிறது.’

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். யன்னலுக்கு வெளியே பனி விலகி, எதிர்மலையில் யாரோ கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கடிதத்தை ஸ்கான் செய்து ஊழியர் கோப்புகளில் தன் பெயருக்குக் கீழே சேர்த்தாள். அது அவளுடைய வேலைதான். தாளை நான்காக மடித்து, மேசை இழுப்பறையில் கற்பூரப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

ஏழரை ஆகிவிட்டது. டெல்சி இன்னும் வரவில்லை. ஜீவராணி பட்டியலைத் திறந்து, காலியான அறையில், தனியாகவே வாசிக்கத் தொடங்கினாள்.

"ஊசிமலை. பொன்னையா ஐயா கணினி."

திரையில் பச்சை விளக்கு ஒன்று எரிந்தது.